ஜன்னல் வழியே பார்த்த டிவி: வாசகர் கேள்விகளும் ஒரு டிவி மெக்கானிக்கின் பதில்களும்

பழைய டிவி, பழைய குடும்பப் படங்கள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன், சிலவற்றை இரண்டு முறை. புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்க்காரன். 1988-ல், 16 வயதில் ஒரு டிவி கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முப்பது வருடங்களுக்கு மேல் மெக்கானிக் வேலை. ஊரில் நான் ஏறாத மொட்டைமாடி குறைவு.

சின்ன வயதில் உயிராகப் பார்த்த தொடர்களைச் செல்போனில் தேடிப் பிடித்துப் பார்க்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. இதற்காகவா அப்படி ஏங்கினோம் என்று மனசு விட்டுப்போகிறது. என் ஞாபகம்தான் பொய்யா?
– வாசகி, தஞ்சாவூர்

ஞாபகம் பொய் இல்லை அம்மா. நீங்கள் தேடுவது அந்த வீடியோவில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முதலில் டிவி வந்தது, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில். சென்னை தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்துக்கு அது எட்டாது. எங்களுக்குக் கிடைத்தது இலங்கை. 1982 பிப்ரவரியில் அங்கே ரூபவாகினி என்ற அரசு டிவியை ஆரம்பித்தார்கள். நீளக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டிக் கிழக்கே திருப்பினால் கடல் தாண்டிப் படம் வந்துவிடும். காற்றில்லாத புழுக்கமான சாயங்காலங்களில் பளிச்சென்று வரும். கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நின்றால், அலைகள் நடுவே மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓடிவரும். இது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘இன்னைக்குப் புழுக்கமா இருக்கு, இலங்கை தெரியும்’ என்பதுதான்.

அந்த வீட்டில் பெண்கள் உள்ளே போய்த் தரையில் உட்காரலாம். கைக்குழந்தைகள் அவர்கள் மடியில். என்னைப் போன்ற பையன்களுக்கு ஜன்னல். நான் நிற்கிற இடத்திலிருந்து திரையின் வலது பாதிதான் தெரியும், மீதியைப் பீரோ மறைத்துவிடும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்கள் அப்பத்தாவின் முகம் முழுசாகத் தெரியும்.

ரூபவாகினியில் ‘ஒஷின்’ என்ற ஜப்பான் தொடரைப் போட்டார்கள். பனி கொட்டும் ஊரில் ஓர் ஏழு வயதுப் பெண்குழந்தையை அரிசி மூட்டைக்காக இன்னொரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். அது ஜப்பான் என்பதோ, தொடரின் பெயரோ எங்களுக்குத் தெரியாது. பாஷையும் புரியாது. ‘அந்தப் பிள்ளை படம்’ என்போம். குழந்தை தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகிறது. அப்பத்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பத்தாவும் எட்டு வயதில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்பப்பட்டவர் என்று அன்று ராத்திரி அம்மா சொன்னார். அதுவரை யாரும் அதை வீட்டில் பேசியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அதே காட்சி செல்போனில் கிடைத்தது. புள்ளி இல்லை, இரைச்சல் இல்லை. பீரோ மறைத்த பாதியும் தெரிந்தது. நானும் உங்களைப் போலச் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். அப்பத்தாவின் முகம் அதில் இல்லையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடர்கள் பலவும் வாரம் ஒரு முறை பார்ப்பதற்கென்று எடுக்கப்பட்டவை. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ 1987 ஜனவரி 25-ல் தொடங்கி 1988 ஜூலை 31 வரை, ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. ஓர் அம்பு விடுவதற்குள் காட்டப்படும் முகங்களை எல்லாம் அப்போது யாரும் ‘இழுவை’ என்று சொல்லவில்லை, ஏனென்றால் அடுத்த ஆறு நாளும் அதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதையே ஒரே மூச்சில் ஐந்து பகுதி பார்த்தால் அலுக்கத்தான் செய்யும். அதனால் தனியாகப் பார்க்காதீர்கள், வரிசையாகவும் பார்க்காதீர்கள். அன்று கூட உட்கார்ந்திருந்த அக்காவோ சித்தியோ வரும்போது ஒரே ஒரு பகுதி போடுங்கள். நடுவில் பேச்சு கிளம்பினால் படத்தை நிறுத்திவிடுங்கள். பேச்சை நிறுத்தாதீர்கள்.

‘மாடியில் ஒருத்தர், ஜன்னலில் ஒருத்தர், டிவி முன்னால் ஒருத்தர் நின்று ஆன்டெனா திருப்புவோம்’ என்றால் என் பத்து வயது மகன் கதை விடுவதாகச் சொல்கிறான். அவனுக்குப் புரிகிற மாதிரி விளக்குங்களேன்.
– வாசகர், விருதுநகர்

தம்பியிடம் கொடுங்கள், அவனுக்கே எழுதுகிறேன்.

அப்பா சொல்வது நிஜம், தம்பி. மாடியில் இருப்பவர் குழாயைத் திருப்பிக்கொண்டே “தெரியுதா?” என்பார். நடுவில் நிற்பவர் அதை உள்ளே கத்துவார். உள்ளே இருப்பவர் “இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… ஐயோ போச்சு, பழையபடி வையி!” என்பார். நடுவில் நிற்பவர் இல்லாவிட்டால் வேலை நடக்காது. அதனால்தான் அந்த ஜன்னல் ஆளைத் தெருவே மதிக்கும்.

மீன் முள் மாதிரி இருக்குமே, அந்த ஆன்டெனாவை 1920-களில் ஜப்பானில் யாகி, உடா என்ற இருவர் உருவாக்கினார்கள். எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையிலிருந்து வரும் அலையை மட்டும் நன்றாக வாங்கும், மற்றதை விட்டுவிடும். ஆடிக் காற்றில் குழாய் கொஞ்சம் திரும்பினாலும் படம் போய்விடுவது அதனால்தான். காக்கை உட்கார்ந்து கம்பி வளைந்தாலும் அப்படித்தான். எங்கள் ஊரில் கூடுதலாக ஒரு தொல்லை, உப்புக் காற்று. ஆன்டெனாவிலிருந்து டிவிக்கு வரும் பட்டை வயரின் செம்பு பச்சையாகப் பூத்து, முறுக்கிவிட்ட இடத்தில் பொடிந்துபோகும். பாதிப் புகாருக்கு நான் செய்த வைத்தியம் வயர் முனையைச் சீவி மறுபடி முறுக்கியது மட்டும்தான். மதுரைப் பக்கம் மலையை ஒட்டிய ஊர்களில் ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஆள் தெரிவார். அலை நேராக ஒருமுறையும் மலையில் பட்டுத் திரும்பி இன்னொரு முறையும் வருவதுதான் காரணம்.

நிலையம் மூடிய பிறகு திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு, பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அதைப் படித்த நாளில் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா ‘படம் தெரியலை’ என்று திட்டிய திரையில் அதுவும் தெரிந்துகொண்டிருந்தது, தம்பி.

வெள்ளிக்கிழமை தூரதர்ஷனில் சினிமாப் பாட்டு போடும் ‘ஒலியும் ஒளியும்’ நேரத்தில் தெரு காலியாக இருக்கும் என்கிறார்களே, நிஜமாகவா?
– வாசகர், கோவை

நிஜம். கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான் எங்கள் ஊருக்குச் சென்னை நிகழ்ச்சிகள் ஒழுங்காகக் கிடைத்தன. அதன் பின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் ஓர் ஆள் வரமாட்டார். அரை மணி நேரம் முடிந்த மறு நிமிடம் வரிசையாக வருவார்கள், எல்லோருக்கும் ஒரே புகார்: பாட்டு நடுவில் படம் மேலும் கீழுமாக உருண்டது. புதுப் படத்துப் பாட்டு எத்தனையாவதாக வரும் என்று பந்தயம் கட்டுவதும் உண்டு. அது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

ஒன்பது, பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். எங்கள் அப்பா ஞாயிறு மாலை டிவியில் எங்களோடு உட்கார்ந்து பார்த்த பழைய குடும்பப் படங்களை இவர்களுக்கும் காட்ட ஆசை. ‘பாசமலர்’ போட்டேன். அரை மணியில் இருவரும் எழுந்து போய்விட்டார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, சேலம்

‘பாசமலர்’ எனக்கு உயிர். ஆனாலும் அது முதல் படம் இல்லை அம்மா. அண்ணன் தங்கை பிரிவு என்றால் என்னவென்று கொஞ்சம் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு அது. பிள்ளைகள் எழுந்து போனதில் தப்பே இல்லை.

‘குழந்தையும் தெய்வமும்’ (1965) போடுங்கள். பிரிந்துபோன அப்பா அம்மாவின் இரட்டைக் குழந்தைகள் சந்தித்து, இடம் மாறிக்கொண்டு போய் இருவரையும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள். இரண்டு குழந்தையும் குட்டி பத்மினி. இதன் வேர், எரிஷ் கெஸ்ட்னர் 1949-ல் எழுதிய ஜெர்மன் கதை. அது ஹாலிவுட்டில் படமாகி, பிறகு தமிழுக்கு வந்தது. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் இந்த இடமாற்றம் பிடித்துவிடும், ஏனென்றால் அதில் பெரியவர்களுக்குத் தெரியாத ரகசியம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையிடம் போட்டுப் பார்த்துவிட்டேன். யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்து ‘காதலிக்க நேரமில்லை’ (1964). முழுப் படம் வேண்டாம், நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடத்தை மட்டும் முதலில் காட்டுங்கள். நாகேஷைப் பார்க்கச் சொல்லாதீர்கள், பாலையாவின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்திலேயே அந்த மனிதர் பயப்படுகிற அழகு! அதன் பிறகு முழுப் படத்தையும் அவர்களே கேட்பார்கள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) பார்க்கலாம். வீட்டுக்குள் கோடு கிழித்துப் பிரிகிற இடத்தில் தியேட்டரே மௌனமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூட்டுக் குடும்பம் என்றால் என்ன என்று பிள்ளை கேட்கும். அன்று ராத்திரி உங்கள் வீட்டில் நடந்த பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும், தயாராக இருங்கள்.

அப்புறம், இரண்டு நாளாகப் பிரித்துப் பாருங்கள். தூரதர்ஷனில் படத்தை நடுவில் நிறுத்திச் செய்தி வாசிப்பார்கள். அந்த இடைவெளியில் எங்கள் அப்பா ‘இனிமே என்ன ஆகும், சொல்லு’ என்று கேட்பார். சரியாகச் சொன்னது கொஞ்சம்தான். ஆனால் கதையை யோசிக்கக் கற்றது அங்கேதான். உங்கள் அப்பாவும் ஏதாவது கேட்டிருப்பார். அதையே கேளுங்கள்.

எங்கள் அத்தை சிறுமியாக இருந்தபோது சென்னை தூரதர்ஷனின் ‘கண்மணிப் பூங்கா’ குழந்தைகள் நிகழ்ச்சியில் பாடியிருக்கிறார். அந்தப் பதிவு எங்காவது கிடைக்குமா? வீட்டில் அவருடைய கல்யாண வீடியோ கேசட்டும் இருக்கிறது, வெள்ளையாகப் பூத்திருக்கிறது.
– வாசகர், திருச்சி

முதல் கேள்விக்கு, ஆசை காட்டிவிட்டு ஏமாற்ற எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம். ஒளிபரப்பி முடிந்ததும் அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது பல நாட்டு டிவி நிலையங்களின் வழக்கம். நேரடியாகப் போன நிகழ்ச்சிகள் பதிவே ஆகியிருக்காது. தப்பிப் பிழைத்தவற்றில் சிலவற்றை, தூரதர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் ஆவணக் காப்பகம் யூடியூபில் ஏற்றுகிறது. தேடிப் பாருங்கள். ஆனால் அத்தை இருக்கும்போதே இன்னொரு வேலை செய்யுங்கள். அன்று என்ன பாடினார், என்ன உடுத்தினார், ஸ்டுடியோவுக்குள் எப்படி இருந்தது, யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்டு, செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பாட்டையும் பாடச் சொல்லுங்கள். குரல் மாறியிருக்கும், பரவாயில்லை.

கேசட்டுக்கு அவசரம். அந்த வெள்ளை, பூஞ்சை. அப்படியே டெக்கில் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் அடைபட்டு, டேப்பும் நைந்து, அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் தொற்றும். பெட்டியோடு காய்ந்த இடத்தில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம். கேசட்டைத் திறந்து துடைத்து, டிஜிட்டலுக்கு மாற்றித் தருகிறவர்கள் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘பூஞ்சை இருக்கிறது, சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுருள் அறுந்திருந்தாலும் ஒட்டலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசிஆர் என்ற இந்த வீடியோ டெக்கைத் தயாரித்த கடைசிக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்குகள் வருடத்துக்கு வருடம் குறைகின்றன. இந்த வேலையை அடுத்த தீபாவளிக்குத் தள்ளாதீர்கள்.

கையில் செல்போனோடு ஆளுக்கு ஒரு மூலையில் இருக்கும் இந்தக் காலப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஞாபகம் கிடைக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

கிடைக்கும். என் பேத்தி செல்போனைத் தலையணை மேல் சாய்த்துவைத்து, என் கையில் தலைவைத்துக் கார்ட்டூன் பார்க்கிறாள். நான் அசைந்தால் திட்டுகிறாள். அவள் எதை ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்று இப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எல்லோரும் அந்த நாட்களைப் பொற்காலம் என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை ஐயா. எங்கள் வீட்டில் டிவி இல்லை. பெரிய வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். ஒருநாள் முகத்தில் அடித்தாற்போல் ஜன்னலைச் சாத்தினார்கள். ஐம்பது வயதாகிறது, இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. பழைய பாட்டு கேட்டால் சந்தோஷத்தோடு அதுவும் சேர்ந்தே வருகிறது. இது எனக்கு மட்டும்தானா?
– வாசகர், புதுக்கோட்டை

உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறைக்கு மேல் படித்தேன்.

‘அந்தக் காலத்தில் தெருவே ஒரு வீட்டில் கூடி டிவி பார்த்தது’ என்று எழுதுகிறவர்களில் பலர் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள். யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் வாசலே தாண்டக்கூடாது என்பதெல்லாம் அந்தத் தெருவில் முன்பே எழுதிவைத்த கணக்கு. டிவி அதை மாற்றவில்லை, வெளிச்சம் போட்டுக் காட்டியது. சில ஊர்களில் பஞ்சாயத்து டிவி வந்தபோது கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 2006-ல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோது அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. நான் அப்போது குடிசை குடிசையாகப் போய் அந்தப் பெட்டிகளுக்கு இணைப்புக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அம்மா முதல் காரியமாக ஜன்னலைத் திறந்துவைத்தார். ‘வெளியே யாராச்சும் நின்னா பாக்கட்டும்’ என்றார். வெளியே யாரும் இல்லை. எல்லார் வீட்டிலும் டிவி வந்துவிட்டது.

என் கதையையும் சொல்கிறேன். நான் நின்ற ஜன்னலையும் ஒருநாள் சாத்தினார்கள். உள்ளே அப்பத்தா இருந்தார். அவர் எழுந்து வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு டிவி பார்க்க அவர் போகவே இல்லை. ‘அந்தப் பிள்ளை’ பிறகு என்ன ஆனாள் என்று சாகும்வரை அவருக்குத் தெரியாது.

1996 வாக்கில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது, டிவி ரிப்பேர் என்று. அந்தப் பழைய பெட்டி போய் வேறு வந்திருந்தது. வீட்டில் வயதான அந்த அம்மா மட்டும். படம் உருண்டுகொண்டிருந்தது. சரிசெய்தேன். ‘மறுபடி போச்சுன்னா உன்னை எங்கே தேடுறது, கொஞ்சம் இருந்து பாரு’ என்று நாற்காலியைக் காட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. பாட்டு ஓடியது. பாதியில் அவர் என்னைப் பார்க்காமலே, ‘இந்த ஜன்னல்ல பிள்ளைங்க நிறைய நிக்குமே… வெக்கையா இருக்குன்னு நான்தான் சாத்தச் சொல்லுவேன்’ என்றார். என்னை அடையாளம் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் பதில் பேசவில்லை. பீரோ அதே இடத்தில்தான் இருந்தது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அது எதையும் மறைக்கவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள் தம்பி. ஜன்னல் சாத்தியபோது உங்கள் பக்கத்தில் யார் நின்றார்கள்? அதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.